மார்மோசெட்டின் வயிறு: டர்பனில் புதிதாக வளர்ப்பவர்களுக்கு

மார்மோசெட் என்னும் சின்னக் குரங்கை வாங்கியவர்கள் முதலில் கேட்பது, தினம் எத்தனை வாழைப்பழம் கொடுக்கலாம் என்பதுதான். நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு விலங்கு மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறேன். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம் பக்கமிருந்து தமிழ்க் குடும்பங்கள் நிறைய வருவார்கள். வாழைப்பழமே வேண்டாம் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். குரங்கையும் வாழைப்பழத்தையும் சேர்த்தே பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் எங்கள் மேசைக்கு வரும் மார்மோசெட்டுகளில் பாதிக்கு மேல் வயிற்றுக் கோளாறோடுதான் வருகின்றன, அதில் முக்கால்வாசி வீட்டில் ஆசையாக ஊட்டியதால் வந்தது.

வாங்காதவர்களுக்கு என் யோசனை, வாங்காதீர்கள். விலங்கு வதைத் தடுப்புச் சங்கமும் குரங்குகளை வீட்டில் வளர்ப்பதை ஏற்பதில்லை. இது பத்துப் பன்னிரண்டு வருடம், அதற்கு மேலும் வாழும் விலங்கு. குடும்பமாகக் கூடி வாழ்வது, தனியாக வைத்தால் வாடிப்போகும். அனுமதிச் சட்டம் மாகாணத்துக்கு மாகாணம் வேறு. குவாசுலு-நட்டாலில் இருப்பவர்கள் எசெம்வெலோ வனவிலங்கு அலுவலகத்தில் கேட்டுவிட்டு மறுவேலை பாருங்கள். நம் கூரையில் குதிக்கும் வெர்வெட் குரங்கின் குட்டியை எடுத்து வளர்ப்பது வேறு விஷயம். அது இந்த மண்ணின் காட்டுவிலங்கு, அனுமதியில்லாமல் வைத்திருப்பது குற்றம். அடிபட்ட வெர்வெட் கிடைத்தால் மீட்பு அமைப்புகளிடம் ஒப்படையுங்கள், பால்புட்டி வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள்.

இனி, ஏற்கெனவே கூண்டும் குரங்குமாக இருப்பவர்களுக்கு.

முதலில் குடலைப் புரிந்துகொள்ளுங்கள்

சாதாரண மார்மோசெட் பிரேசிலின் வடகிழக்குப் பகுதியைச் சேர்ந்தது. எடை 300 முதல் 400 கிராம் வரை. கீழ்த்தாடையின் முன்பற்கள் உளிபோல் இருக்கும். அவற்றால் மரப்பட்டையைக் கொத்தித் துளை போட்டு, அதில் கசியும் பிசினை நக்கித் தின்பதே இதன் பிழைப்பு. கூடவே பூச்சி, சிலந்தி, சின்னப் பல்லி, அவ்வப்போது காட்டுப் பழம்.

பிசினில் உள்ள நார்போன்ற சத்தைக் குரங்கின் சொந்தச் செரிமான நீரால் உடைக்க முடியாது. அதற்காகவே மார்மோசெட்டின் குருட்டுக்குடல், அதாவது சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்திலுள்ள பை, உடம்புக்குப் பெரிதாக அமைந்திருக்கிறது. அந்தப் பைக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் பிசினைப் புளிக்கவைத்துச் சத்தாக்கித் தருகின்றன. இட்லி மாவு புளிப்பது போலத்தான்; மாவுக்குள் என்ன போட்டீர்கள் என்பதைப் பொறுத்துப் புளிப்பும் மாறும். பிசினுக்குப் பதில் சர்க்கரை வந்து விழுந்தால் அங்கே வேறு கிருமிகள் பெருகும். இளகிய மலம், வாயு, பிறகு கழிச்சல்.

கடையில் வாங்கும் பழம் காட்டுப் பழம் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். மனித நாக்குக்காகத் தலைமுறை தலைமுறையாக இனிப்பேற்றி வளர்த்தது. சர்க்கரை அதிகம், நார் குறைவு, புரதம் அதைவிடக் குறைவு. இங்கிலாந்தின் பெய்ன்டன் விலங்குக்காட்சிசாலை 2014-ல் தன் குரங்குகளுக்கு வாழைப்பழம் கொடுப்பதையே நிறுத்தியது. காரணம் சர்க்கரை நோய், பற்சிதைவு, வயிற்றுக் கோளாறு. தென்கரையில் வாழைத்தோட்டத்துப் பக்கத்திலேயே இருக்கிறோம், தார் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக நாம் கொடுக்க வேண்டியதில்லை.

முதல் வாரம்: எதையும் மாற்றாதீர்கள்

புதுக் குரங்கு வீட்டுக்கு வந்த அன்றே நல்ல உணவுக்கு மாற்றிவிட வேண்டும் என்று தோன்றும். பொறுங்கள். இடம் மாறிய பயமே அதன் குடலைக் கலக்கியிருக்கும். விற்றவர் என்ன கொடுத்தார், எந்த நேரத்தில், எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். அது மட்டமான உணவாகவே இருந்தாலும் முதல் ஒரு வாரம் அதையே கொடுங்கள்.

அந்த வாரத்தில் செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, சமையலறைத் தராசு வாங்குவது. ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு போதும். அதன்மேல் ஒரு சின்னக் கூடையையோ மரப்பெட்டியையோ வைத்து, குரங்கு தானே ஏறிப் பழகும்படி அது தின்று பழகிய உணவில் கொஞ்சம் வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில், காலை உணவுக்கு முன், எடையைக் குறித்துவையுங்கள். இரண்டாவது, கூண்டின் அடியில் வெள்ளைத் தாள் விரித்து மலத்தைப் பார்ப்பது. அருவருப்புப் படாதீர்கள். நல்ல மலம் உருண்டு திரண்டு பழுப்பாக இருக்கும். ஒருநாள் இளகி மறுநாள் கட்டினால் பயமில்லை. இரண்டு நாள் தொடர்ந்து இளகினால், சளி கலந்தால், புளித்த வாடை வந்தால் குறித்துவைத்துக்கொண்டு போன் செய்யுங்கள்.

இந்த நோட்டுப் புத்தகம் இல்லாமல் வருகிறவர்களிடம் மருத்துவர் என்ன கேட்டாலும் "நல்லாத்தான் சாப்பிட்டுக்கிட்டிருந்துச்சு" என்ற ஒரே பதில்தான் வரும். மார்மோசெட் நோயை ஒளித்துவைக்கும் விலங்கு. ரோமம் மூடியிருப்பதால் மெலிவு கண்ணுக்குத் தெரியாது. தராசுதான் காட்டிக்கொடுக்கும். 350 கிராம் குரங்குக்கு 35 கிராம் குறைந்தால் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலை அது.

வந்த வாரத்திலேயே மலப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். அதைப் பற்றிப் பின்னால்.

இரண்டாம் வாரத்திலிருந்து: மெல்ல மாற்றுங்கள்

பழைய உணவில் கால் பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் புதியதை வையுங்கள். மலம் கட்டியாக இருக்கிறதா, எடை நிற்கிறதா என்று மூன்று நான்கு நாள் பாருங்கள். சரியாக இருந்தால் அடுத்த கால் பங்கு. இளகினால் ஒரு படி பின்னால் வாருங்கள். இப்படி முழுதாக மாற மூன்று நான்கு வாரம் ஆகும். பட்டினி போட்டால் தானாகத் தின்னும் என்ற யோசனை நாய்க்கே சரியில்லை. இவ்வளவு சின்ன உடம்பில் இரத்தச் சர்க்கரை சீக்கிரம் இறங்கிவிடும், உடம்பு சில்லிட்டுப்போகும்.

போய்ச் சேர வேண்டிய இடம் இதுதான்:

அடிப்படை, புதிய உலகக் குரங்குகளுக்கென்று, அதாவது தென், மத்திய அமெரிக்கக் குரங்குகளுக்கென்று செய்த துகளுணவு. உணவின் உலர்ந்த எடையில் பாதியாவது இதுவாக இருக்கட்டும். பையில் எழுதியிருப்பதைப் படியுங்கள். புரதம் 20 முதல் 25 சதவீதம் வரை இருக்க வேண்டும். வைட்டமின் டி3 என்று தெளிவாகப் போட்டிருக்க வேண்டும். வைட்டமின் சி சேர்த்திருக்க வேண்டும். நம்மைப் போலவே குரங்குகளும் அதை உடம்பில் தயாரிக்க முடியாதவை. வைட்டமின் சி நாள்பட நாள்பட அழிந்துபோகும் என்பதால் தயாரித்த தேதியைப் பார்த்து வாங்குங்கள், சின்னப் பையாக வாங்குங்கள். டர்பன் புழுக்கத்தில் பெரிய மூட்டையைத் திறந்துவைத்தால் பூஞ்சை பிடிக்கும். மூடி இறுகும் டப்பாவில், குளிர்ந்த இடத்தில் வையுங்கள். நாய் பிஸ்கட்டும் பூனை உணவும் இதற்கு மாற்று ஆகாது.

கோதுமை இல்லாத துகளுணவு கிடைத்தால் அதையே எடுங்கள். மார்மோசெட்டுக்கு "மெலிவு நோய்" என்று ஒன்று உண்டு. தின்னும், ஆனால் இளைக்கும். நாள்பட்ட கழிச்சல், தொடைச் சதை கரைதல், வால் ரோமம் உதிர்தல், இரத்தச் சோகை. குடல் சுவர் அழற்சியால் தடித்து, சத்தை உறிஞ்சாமல் போய்விடுகிறது. காரணம் ஒன்றே ஒன்று என்று இன்னும் யாரும் அறுதியிட்டதில்லை. ஆனால் கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதத்துக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் சில மார்மோசெட்டுகளின் இரத்தத்தில் காணப்பட்டிருக்கிறது. அதனால் ரொட்டி, புரோட்டா, பிஸ்கட், பன்னி சௌ ரொட்டியின் மூலை, எதுவும் வேண்டாம். சோளமாவுக் களியில் குளூட்டன் இல்லை என்பது சரிதான், அதில் வேறு எதுவும்கூடப் பெரிதாக இல்லை.

துகளுணவைக் காலையில், பசி இருக்கும்போது முதலில் வையுங்கள். கடினமாக இருந்தால் கொஞ்சம் வெந்நீர் தெளித்து ஊறவைக்கலாம். ஊறவைத்ததை இரண்டு மூன்று மணி நேரத்தில் எடுத்துக் கொட்டிவிடுங்கள். ஜனவரி வெயிலில் அது கெடும் வேகம் உங்களுக்கே தெரியும். ஒன்றுக்கு மேல் குரங்கு இருந்தால் கிண்ணமும் ஒன்றுக்கு மேல் வேண்டும், தள்ளித்தள்ளி வைக்க வேண்டும். இல்லையென்றால் வலுத்தது தின்னும், இளைத்தது பார்த்துக்கொண்டிருக்கும்.

நடுப்பகலுக்குக் காய். பட்டர்நட், சர்க்கரைவள்ளி இரண்டையும் வேகவைத்து, பச்சை பீன்ஸ், குடைமிளகாய், கேரட், வெள்ளரி ஆகியவற்றைப் பொடியாக நறுக்கி. கீரை கொஞ்சம். பசலையிலும் பீட்ரூட் இலையிலும் இருக்கும் ஆக்சலேட், கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். எனவே அவை அடிக்கடி வேண்டாம். நம் வீட்டுப் புழக்கடையில் நிற்கும் முருங்கையில் கால்சியம் நிறைய. இரண்டு மூன்று சிறு இலை பரவாயில்லை. அதில் இரும்பும் நிறைய என்பதால் கைப்பிடியாகப் போடாதீர்கள். மார்மோசெட்டின் கல்லீரல் இரும்பைச் சேர்த்துவைக்கும் இயல்புள்ளது. இரும்புச் சத்து டானிக் கொடுப்பது இதே காரணத்தால் ஆபத்து. மாடும்பி, அதாவது நம் சேப்பங்கிழங்கு, பச்சையாக வாயைக் கூசவைக்கும், தவிர்த்துவிடுங்கள். வெங்காயம், பூண்டு, அவகாடோ, சாக்லேட், உப்புப் பண்டம் கிட்டேயே வரக்கூடாது.

பழம்? தராசில் ஏறினால், பெட்டிக்குள் தானே போனால், மருந்தை விழுங்கினால் ஒரு பட்டாணி அளவு. லிச்சிக் காலத்தில் வீடே லிச்சியாக இருக்கும், தெரியும். அப்போதும் பட்டாணி அளவுதான்.

பிசின்

இதை யாரும் விற்கும்போது சொல்வதில்லை. சொன்னாலும் கூடுதல் தின்பண்டம் மாதிரி சொல்வார்கள். என் கணக்கில் துகளுணவுக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

கேக் அலங்காரப் பொருள் விற்கும் கடைகளில், உண்ணத்தக்க தரத்தில், அரபுப் பிசின் தூளாகக் கிடைக்கும். ஊரில் நம் பாட்டிகள் கருவேலம் பிசின் என்றது இதன் பங்காளி. ஓவியக் கடையில் விற்கும் பிசின் வேண்டாம், அதில் கெடாமலிருக்க வேறு ஏதாவது சேர்த்திருப்பார்கள். தூளில் வெதுவெதுப்பான நீர் விட்டுத் தேன் பதத்துக்குக் கரையுங்கள். மருந்தடிக்காத, தோலுரிக்காத ஒரு மரக்கட்டையில் சுண்டுவிரல் நுனி அளவு துளைகள் போட்டு அதில் நிரப்புங்கள். குரங்கு பல்லால் சுரண்டி, நாக்கால் துழாவி எடுக்கும். இந்த உழைப்பும் அதற்குத் தேவை. வேலையில்லாத மார்மோசெட் வாலைக் கடிக்கும், கூண்டுக் கம்பியை நக்கிக்கொண்டே இருக்கும்.

தினமும் கொடுக்கலாம், சாயங்காலம் கொடுப்பது நல்லது. இரவு முழுக்கக் குடலில் தங்கிப் புளிக்க நேரம் கிடைக்கும். இதுவரை பிசினே பார்க்காத குரங்குக்கு முதல் நாள் ஒரு துளையோடு ஆரம்பியுங்கள். கட்டையை வாரத்துக்கு ஒருமுறை கொதிநீரில் அலசிக் காயவைத்து, சில வாரங்களில் மாற்றிவிடுங்கள்.

இங்குள்ள முள்மரத்தில், ஆப்பிரிக்கான்ஸில் சூட்டோரிங் என்பார்களே, அதிலும் பிசின் வடியும். நம் ஊர் புஷ்பேபி என்னும் சின்ன இரவு விலங்குகளும் வெர்வெட்டுகளும் தின்பது அதைத்தான். மருந்தடிக்காத இடத்து மரம் என்று உறுதியாகத் தெரிந்தால் எடுத்துக் கழுவிக் கொடுக்கலாம். சாலையோர மரத்தில் எடுக்காதீர்கள்.

பிசினுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பூச்சியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் சொற்பம். பிசினில் கால்சியம் அதிகம், பாஸ்பரஸ் சொற்பம். காட்டில் இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டுகின்றன. பூச்சியை மட்டும் கொட்டி பிசினை விட்டுவிட்டால் எலும்பிலிருந்து கால்சியம் கரைய ஆரம்பிக்கும்.

பூச்சியும் புரட்டாசியும்

மாவுப்புழு, சிள்வண்டு, வெட்டுக்கிளி ஆகியவை ஊர்வன வளர்ப்போருக்கான கடைகளில் உயிரோடு கிடைக்கும். வாங்கியதும் போடாதீர்கள். ஒரு நாள் இரண்டு நாள் கால்சியம் கலந்த தீனியையும் காய்த் துண்டுகளையும் கொடுத்து அவற்றை வளர்த்து, பிறகு போடுங்கள். பூச்சியின் வயிற்றில் இருப்பதும் குரங்குக்குத்தானே போகிறது. மாவுப்புழு கொழுப்பு, ஒரு நாளைக்கு நாலைந்து போதும். சந்தையில் விற்கும் காய்ந்த மொபானிப் புழு உப்புப் போட்டது, மனிதருக்கானது. வாரத்தில் இரண்டு முறை வேகவைத்த முட்டை ஒரு தேக்கரண்டி கொடுக்கலாம்.

இங்கேதான் நம் வீடுகளில் சிக்கல் வரும். புரட்டாசி பிறந்தால் வீட்டில் கவுச்சி கிடையாது. காவடி விரதத்திலும் அப்படியே. "ஒரு மாதம் அதுவும் நம்மோடு சைவமாக இருக்கட்டும், புண்ணியம்" என்று ஆயா சொல்வார். ஆயாவிடம் மரியாதையாகச் சொல்லுங்கள்: விரதம் மனிதர் ஏற்பது, பூச்சி தின்னப் பிறந்த பிராணிக்கு அது பட்டினி. பூச்சிப் பெட்டியைச் சமையலறைக்கும் பூசை அறைக்கும் வெளியே, கராஜிலோ பின்வராந்தாவிலோ வையுங்கள். அதற்கென்று தனி இடுக்கி, தனிக் கிண்ணம், தனித் துணி. சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டில் விரத மாதம் முழுக்கப் பூச்சி போடும் வேலையைப் பக்கத்து வீட்டுப் பையன் பார்த்துக்கொள்கிறான். யாருக்கும் மனக்குறை இல்லை. இதற்கும் இடமில்லாத வீடு என்றால் அந்த வீட்டுக்கு இந்த விலங்கு பொருந்தாது.

பிரசாதமும் அப்படித்தான். பஞ்சாமிர்தம், பாயசம், கற்கண்டு, ஆடிக் கூழ். விசேஷ நாளில் பத்து உறவினர் வந்து ஆளுக்கொரு விரல் நக்கக் கொடுத்தால் மறுநாள் கழிச்சல் நிச்சயம். கூண்டை உள்ளறைக்கு மாற்றிக் கதவைச் சாத்திவிடுங்கள். "கொடுக்காதீர்கள்" என்று அட்டை எழுதி மாட்டினால் யாரும் படிப்பதில்லை.

எச்சில் ஊட்டுவது எல்லாவற்றையும்விட மோசம். நாம் கடித்த துண்டைக் கொடுப்பது, மென்று ஊட்டுவது, வாயோடு வாய் வைத்துக் கொஞ்சுவது. நமக்கு உதட்டோரம் வரும் சின்னக் கொப்புளத்தின் வைரஸ் நம்மைச் சில நாள் எரிச்சல்படுத்துவதோடு அடங்கிவிடும். அதே வைரஸ் மார்மோசெட்டைக் கொன்றுவிடும். உதட்டில் கொப்புளம் இருப்பவர் அந்த வாரம் குரங்கின் அறைக்குள்ளேயே போகக்கூடாது, உணவையும் தொடக்கூடாது.

வெயில்

வயிற்றைப் பற்றிய கட்டுரையில் வெயில் எதற்கு என்றால், தின்ற கால்சியம் குடலில் ஏற வைட்டமின் டி வேண்டும். புதிய உலகக் குரங்குகளின் உடம்பு இந்த வைட்டமினுக்கு மந்தமாகத்தான் இணங்கும். நமக்குப் போதுமான அளவு அதற்குப் போதாது, டி2 வகை சரிவர வேலை செய்யாது, டி3தான் வேண்டும். துகளுணவோடு நேரடி வெயிலும் கிடைத்தால் நல்லது. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெளிச்சத்தில் தேவையான புற ஊதாக் கதிர் இருக்காது. டர்பனில் நமக்கு வெயிலுக்குப் பஞ்சமில்லை. காலை வெயிலில், பாதி நிழல் இருக்கும்படி, வெளிக் கூண்டில் விடுங்கள். ஜோகன்னஸ்பர்க் பக்கம் இருப்பவர்கள் குளிர்காலத்தில் ஊர்வனவற்றுக்கான புற ஊதா விளக்கும் சூடான உறங்கு பெட்டியும் வைக்க வேண்டியிருக்கும். சொட்டு மருந்தாக டி3-ஐ நீங்களாகவே கூட்டிக் கொடுக்காதீர்கள், அளவு மீறினால் சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படியும்.

குதிக்கத் தயங்குகிறது, தொட்டால் கத்துகிறது, பின்னங்கால் இழுபடுகிறது என்றால் எலும்பு ஏற்கெனவே இளகிவிட்டது.

கரப்பான், எலி, பூனை, வெர்வெட்

டர்பனில் கரப்பான் இல்லாத வீடு எது? ஆனால் மார்மோசெட் வீட்டில் அது வெறும் அசிங்கம் மட்டும் இல்லை. கணையத்தின் நாளங்களில் குடியேறும் ஒரு புழுவும், குடல் சுவரில் முள்போலக் குத்தி ஊன்றும் இன்னொரு புழுவும் கரப்பான் வழியாகத்தான் இந்தக் குரங்குகளுக்குள் போகின்றன. கரப்பான் கூண்டுக்குள் வந்தால் குரங்கு பிடித்துத் தின்னாமல் விடாது. அதற்காக மருந்து அடித்தால் மருந்து தின்ற கரப்பானையும் அது தின்னும். ஆகவே மிச்ச உணவை மாலையில் துடைத்தெடுப்பது, கூண்டுக் காலைச் சுற்றி ஈரம் தேங்காமல் பார்ப்பது, குரங்கின் கை எட்டாத மூடிய பொறிகளை வைப்பது, இவைதான் வழி.

எலியின் புழுக்கையும் பறவை எச்சமும் உணவில் பட்டால் கடுமையான குடல் தொற்று வரும். சுண்டெலி ஒருவகை வைரஸைச் சுமக்கும், அது மார்மோசெட்டின் கல்லீரலை அழிக்கும். பாம்புக்கென்று விற்கும் எலிக்குஞ்சைப் புரதம் என்று நினைத்து இதற்குப் போடுகிறவர்கள் உண்டு, கூடவே கூடாது. பூனை மலத்தால் பரவும் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இந்தச் சின்னக் குரங்குகளைச் சில நாட்களில் கொன்றுவிடும், பூனைத் தொட்டியும் குரங்குக் கூண்டும் ஒரே அறையில் இருக்கக்கூடாது. வெளிக் கூண்டின் கூரையில் வெர்வெட் உட்காரும் வீடுகளில் கூரையைத் தகடு போட்டு மூடுங்கள், மேலிருந்து விழுவது கிண்ணத்தில்தான் விழும்.

அணில் குரங்கும் டாமரினும் வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை

இவையும் புதிய உலகக் குரங்குகளே, மேலே சொன்னதில் பெரும்பகுதி பொருந்தும். பிசினில் மட்டும் வேறுபாடு. டாமரின் பிசினைக் கிடைத்தபோது தின்னும், துளை போட்டு எடுக்கும் பல் அதற்கில்லை, அளவைக் குறையுங்கள். பஞ்சுத்தலை டாமரினுக்குப் பெருங்குடல் அழற்சியும் அதன் தொடர்ச்சியாகப் புற்றுநோயும் வருவது நெடுங்காலமாகத் தெரிந்த விஷயம், எனவே அதற்கு நாள்பட்ட கழிச்சல் என்றால் காத்திருக்கவே வேண்டாம். அணில் குரங்குக்குப் பூச்சி கூடுதலாகவும், வைட்டமின் சி-யும் ஃபோலிக் அமிலமும் தாராளமாகவும் வேண்டும். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் அணில் குரங்கு தோள்பக்கம் உப்பிப் பருக்கும். அது இயல்பு, அதற்காக உணவைக் குறைக்காதீர்கள்.

கழிச்சல் வந்தால்

ஓமத் தண்ணீர், பெருங்காயம், இஞ்சிச் சாறு, நம் வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கும் கழிச்சல் மாத்திரை, குழந்தைக்கு எழுதிக்கொடுத்து மிஞ்சிய ஆன்டிபயாட்டிக், இவற்றில் எதையும் கொடுக்காதீர்கள். கடைசியில் சொன்னது குறிப்பாக ஆபத்து. தவறான ஆன்டிபயாட்டிக் குருட்டுக்குடலில் உள்ள நல்ல கிருமிகளைத் துடைத்துவிட, கிளாஸ்ட்ரிடியம் என்ற கிருமி தனியாகப் பெருகி நஞ்சைச் சுரக்கும். கழிச்சலுக்குக் கொடுத்த மருந்தாலேயே செத்த மார்மோசெட்டுகள் உண்டு.

செய்ய வேண்டியது: பழம், முட்டை, புதிதாகச் சேர்த்தவை எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பழகிய துகளுணவும் தண்ணீரும் இருக்கட்டும். உறங்கு பெட்டியைச் சூடாக வையுங்கள், துணியில் சுற்றிய வெந்நீர்ப் புட்டி போதும், அது விலகிப் போகவும் இடம் இருக்க வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புச்சர்க்கரைப் பொடியைப் பையில் சொன்னபடி கரைத்துக் கிண்ணத்தில் வையுங்கள், அல்லது உதட்டோரம் சொட்டுச் சொட்டாக நக்க விடுங்கள். ஊசிக்குழாயால் வாய்க்குள் பீய்ச்சினால் புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும்.

எப்போது ஓட வேண்டும்? நீராகக் கழிந்து அரை நாள் ஆகியும் நிற்கவில்லை. மலத்தில் இரத்தம். ஒரு வேளை உணவை அடியோடு தொடவில்லை. கண் குழிந்திருக்கிறது, முதுகுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் படிகிறது. கூண்டின் தரையில் சுருண்டு உட்கார்ந்திருக்கிறது. மார்மோசெட் தரைக்கு இறங்கி உட்கார்வதே கெட்ட அடையாளம். வயிறு மத்தளமாக உப்பியிருந்தால் இரவு இரண்டு மணியானாலும் கிளம்ப வேண்டும், இரைப்பை வீங்கிவிட்டால் விடியும்வரை தாங்காது. கண்ணுக்குக் கீழே கன்னம் வீங்கியிருந்தால் அது வயிறில்லை, மேல் கோரைப்பல்லின் வேரில் சீழ். இனிப்பு தின்ற குரங்குகளில் அதையும் நிறையப் பார்க்கிறோம்.

எல்லா விலங்கு மருத்துவர்களும் குரங்கு பார்ப்பதில்லை. நாய் பூனை பார்ப்பவர்களிடம் போய் நின்று அங்கிருந்து அனுப்பப்பட்டு அலைவதைவிட, குரங்கு நலமாக இருக்கும்போதே அயல் விலங்குகள் பார்க்கும் மருத்துவர் யார், இரவில் யார் என்று விசாரித்து எண்ணைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள். உங்கள் மருத்துவர் கூடுதல் ஆலோசனை கேட்க நினைத்தால், நாட்டின் ஒரே விலங்கு மருத்துவக் கல்லூரி பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் ஒண்டர்ஸ்டபோர்ட் வளாகத்தில் இருக்கிறது.

போகும்போது கொண்டுபோக வேண்டியவை: எடை நோட்டு, கொடுத்த உணவுகளின் பட்டியல், துகளுணவுப் பையின் விவரப் பகுதியைப் படம் எடுத்தது, மலம். மலத்தைக் காலையில் விழுந்த சூட்டோடு சுத்தமான சின்ன டப்பாவில் எடுங்கள். சில மணி நேரத்துக்குள் கொடுக்க முடியாவிட்டால் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கலாம், உறைய வைக்கக்கூடாது. ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணி எல்லா நாளும் மலத்தில் வெளிவராது, அதனால் ஒரு பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்ததும் நிம்மதியாகிவிடாதீர்கள். நாள் விட்டு நாள் மூன்று மாதிரி கொடுங்கள். ஷிகெல்லா, கேம்பிலோபாக்டர், சால்மோனெல்லாவுக்குத் தனியாகக் கிருமி வளர்ப்புப் பரிசோதனை வேண்டும், கேட்டு வாங்குங்கள். இவை நம்மிடமிருந்து குரங்குக்கும் குரங்கிடமிருந்து நமக்கும் தாவும். வீட்டில் கைக்குழந்தையோ முதியவரோ இருந்தால், யாருக்காவது அதே வாரம் வயிறு சரியில்லாமல் இருந்தால், மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். கூண்டைக் கழுவும் கையுறையும் வாளியும் சமையலறைப் பக்கம் வரவேண்டாம்.

மருந்து கொடுத்த பிறகு மலம் கட்டியானதும் பலரும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். எழுதிக்கொடுத்த நாள் முழுக்கக் கொடுங்கள். கசப்பு மருந்தைப் பிசினில் கலந்தால் பிசினையே வெறுத்துவிடும், அதனால் வேறு எதிலாவது கலக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாவில்லாத, துளி இனிப்புள்ள எதுவும் மருந்து கொடுக்கும் நாட்களுக்கு மட்டும் பரவாயில்லை. முடித்து இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒரு மல மாதிரி, அதுவரை புது உணவு எதுவும் வேண்டாம், தினசரி எடை தொடரட்டும்.